நோய் முற்றிய கோழியைப் பராமரிக்கும் முறை: வன்னியில் புதிதாகக் கோழி வளர்ப்போருக்கு

கோழி தன் நோயை இயன்றவரை மறைத்துவைக்கும் பறவை. பலவீனம் வெளியே தெரிந்தால் கூட்டத்திலுள்ள மற்றக் கோழிகள் கொத்தித் துரத்தும், பருந்தும் கீரியும் அதையே குறிவைக்கும் என்பதனால், கால்கள் தாங்கும்வரை அது மற்றவற்றோடு சேர்ந்து மேய்வதாகவே காட்டிக்கொள்ளும். ஆகவே உங்கள் கோழி இறகுகளைச் சிலிர்த்து, கழுத்தை உள்ளிழுத்து, கண்களை மூடியபடி வேலியோரம் ஒதுங்கி நிற்பதை முதன்முதலாகக் காணும்போது, நோய் பெரும்பாலும் சில நாட்களுக்கு முன்பே தொடங்கியிருக்கும். அந்த வேளையில் கையில் கிடைத்த மருந்தையெல்லாம் தொண்டைக்குள் ஊற்றுவதுதான் பலரும் செய்வது. நோயினால் சாகாத கோழிகள் பல தாகத்தாலும், வெக்கையாலும் குளிராலும், மூச்சுக்குழாய்க்குள் போன தண்ணீராலும் சாகின்றன. ஒதுக்குதல், உடற்சூட்டைக் காத்தல், நீர், உணவு, மருந்து என்ற ஒழுங்கிலேயே பராமரிப்பு நடக்க வேண்டும்; மருந்து கடைசியில் வருவது தற்செயலானதன்று.

வன்னியில் இன்னொரு தடையும் உண்டு. கோழி சோர்ந்து நிற்பதைக் கண்டவுடன், "உது இனித் தப்பாது பிள்ளை, இப்பவே அறுத்தால் ஒரு கறிக்காவது ஆகும்" என்று அயலிலுள்ள ஓர் அம்மம்மா நிச்சயம் சொல்லுவார். மீள்குடியேறிய காலத்தில் நான்கைந்து குஞ்சுகளோடு வாழ்வைத் திரும்பத் தொடங்கியவர்களுக்கு அந்தக் கணக்கு இயல்பானதே. அதைக் குறைசொல்ல வேண்டியதில்லை. ஆயினும் நோயுற்ற கோழியை அறுப்பதும் சமைப்பதும் எல்லாக் கோணத்திலும் தவறு. அறுக்கும்போது தெறிக்கும் இரத்தமும், கிணற்றடியில் கொட்டும் இறகும் குடலும் நோயை வளவு முழுவதும் பரப்பும். பறவைக் காய்ச்சல் போன்ற சில நோய்கள் அறுப்பவரையே தொற்றக்கூடும். வளர்ப்பதென்று முடிவெடுத்தவர் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

ஒதுக்குதல்

நோயுற்ற கோழியை உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரிக்க வேண்டும். ஒரே கூட்டின் மூலையில் தட்டி வைத்து மறைப்பது பிரித்தல் ஆகாது. அதன் மூச்சும் எச்சமும் மற்றவற்றைச் சென்றடையாத அளவு தூரம் வேண்டும். வீட்டுத் தாழ்வாரத்தின் மறுபக்கம், சமையற்கட்டுக்குச் சேராத ஒரு பத்தி, பாவிக்காத குளியலறை ஆகியவை பொருந்தும். கரப்பு ஒன்றைக் கவிழ்த்து அதற்குள் விடலாம், ஆனால் நாயும் கீரியும் உள்ள வளவில் கரப்பை மட்டும் நம்பி இரவில் வெளியே விடக் கூடாது. பெரிய காட்போட் பெட்டியொன்றில் பக்கங்களில் காற்றுத் துளைகள் வெட்டி, அடியில் பழைய சாரத்தையோ துவாயையோ மடித்து விரித்தால் போதும். நெல் ஆலைகள் உள்ள ஊர்களில் உமி இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைக் கொட்டுபவர்கள் உண்டு. மூச்சிழுப்பு உள்ள கோழிக்கு உமித் தூசு கேடு செய்யும். நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோல் அதைவிடக் கேடானது, ஏனெனில் அந்தப் பூஞ்சணமே நுரையீரலில் வளரக்கூடியது. துணிக்கு இன்னொரு நன்மையும் உண்டு: எச்சத்தின் நிறம் அதில் தெளிவாகத் தெரியும், அதன் பயன் பின்னர் விளங்கும்.

இனி வளவில் வேலை செய்யும் ஒழுங்கும் மாற வேண்டும். முதலில் நலமான கோழிகளுக்குத் தீனும் தண்ணீரும் வைத்துவிட்டு, கடைசியாகவே நோயாளியிடம் போக வேண்டும். அதற்கென்று தனிச் செருப்பு, தனித் தண்ணீர்ச் சிரட்டை, தனித் துணி இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். நலமாகத் தோன்றும் கோழியிலிருந்துகூட மனிதருக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும் சல்மொனெல்லா பக்ரீரியா தொற்றலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. பிள்ளைகள் தங்கள் கோழியை மடியில் வைத்துக் கொஞ்ச அழுதாலும், இந்த விடயத்தில் இரங்க வேண்டியதில்லை.

சூடும் குளிரும்

நலமான கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 முதல் 42 பாகை செல்சியஸ் வரை இருக்கும். கையில் தூக்கியவுடன் "காய்ச்சல் கொதிக்குது" என்று பதறி ஈரத்துணி போர்த்துவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். நம் உடம்போடு ஒப்பிட்டால் எந்தக் கோழியும் காய்ச்சற்காரனே. சாப்பிடாத கோழியால் அந்த வெப்பத்தைக் காத்துக்கொள்ள முடியாது என்பதே உண்மையான ஆபத்து. இறகைச் சிலிர்த்து உருண்டையாக நிற்பது குளிர்வதன் அடையாளம்.

மாரியில், ஐப்பசி முதல் தை வரையான காலத்தில், வாடைக்காற்றும் தொடர் மழையும் சேரும் இரவுகளில் கட்டாயம் வெப்பம் கொடுக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலைக்கு மேலே 40 அல்லது 60 வாற்ஸ் இழை மின்குமிழொன்றைத் துணி தொடாத தூரத்தில் உறுதியாகக் கட்டித் தொங்கவிட்டால், கோழி தனக்கு வேண்டியபோது அருகில் வரும், வேண்டாதபோது விலகும். இப்போது வீடுகளிலுள்ள எல்ஈடி குமிழ்கள் வெளிச்சம் தருமே தவிரச் சூடு தரமாட்டா. கடையில் கேட்டு இழைக்குமிழ்தான் வாங்க வேண்டும். மின்சாரம் நிற்கும் இரவில் சோடாப் போத்தலில் சுடுநீர் நிரப்பி, துணி சுற்றி, கோழியின் ஒரு பக்கத்தில் வைத்து, ஆறியதும் மாற்றலாம்.

சித்திரை முதல் புரட்டாதி வரை நிலைமை தலைகீழ். தகரக் கூரையின் கீழ் நண்பகலில் நலமான கோழியே வாய் பிளந்து மூச்சு வாங்கும். அக்காலத்தில் நோயாளிக்கு மின்குமிழ் கட்டுவது கொலைக்குச் சமம். வேம்பு அல்லது மாமர நிழலில், கிடுகுக் கூரையின் கீழ், காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். செட்டைகளை உடலிலிருந்து அகற்றி, சொண்டைத் திறந்து இரைத்தால் அது வெக்கையின் அடையாளம். கால்களைக் கிணற்றுத் தண்ணீரால் நனைத்து, குடிக்கக் குளிர்ந்த நீர் வைக்க வேண்டும். ஐஸ் தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றினால் அதிர்ச்சியில் இறக்கலாம்.

உடலைப் பார்த்தல்

கோழி பெட்டியில் அமைதியடைந்த பின், ஒரு துவாயால் செட்டைகளோடு சேர்த்துச் சுற்றி மடியில் வைத்து, தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்க்க வேண்டும். இது ஐந்து நிமிட வேலை. நீண்டால் கோழி களைத்துவிடும். கொண்டைப்பூ வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது, அதற்குக் குடற்புழுவோ இரத்தம் குடிக்கும் சிற்றுண்ணிகளோ காரணமாகலாம். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சோ இரத்த ஓட்டமோ தடைப்பட்டிருக்கிறது, உடனே வைத்தியரை நாட வேண்டும். சொண்டைத் திறந்து உள்ளே மஞ்சள் நிறத் திட்டுகள் உண்டா என்று பார்க்க வேண்டும். இறகைக் கோதித் தோலில் பேன், எச்சத்துவாரத்தைச் சுற்றி அழுக்கும் புழுவும், பாதத்தின் அடியில் கறுத்த கொப்புளம் ஆகியவை உண்டா என்று பார்க்க வேண்டும். ஓய்வாக உள்ள கோழி நிமிடத்துக்கு ஏறக்குறைய 15 முதல் 30 தடவை மூச்சு விடும். தடவைகளை எண்ணும்போது கரகரப்போ சீழ்க்கையோ கேட்கிறதா என்றும் செவிகொடுக்க வேண்டும்.

இரண்டு இடங்களைக் கைவிரலால் அறிய வேண்டும். ஒன்று, நெஞ்செலும்பு. இரு பக்கமும் சதை திரண்டு நடுவில் எலும்பு மெல்லியதாகத் தட்டுப்பட்டால் நோய் புதியது. எலும்பு கத்தி முனைபோல் நிமிர்ந்து இரு பக்கமும் குழிந்திருந்தால் அந்தக் கோழி வாரக்கணக்காக மெலிந்து வந்திருக்கிறது. இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. மற்றது, கழுத்தடியில் வலப்பக்கமாகப் பிதுங்கும் இரைப்பை, அதாவது தின்றது முதலில் தங்கும் தீன்பை. இரவில் அது நிறைந்தும், விடிகாலையில் தீன் வைப்பதற்கு முன் வெறுமையாகவும் இருக்க வேண்டும். விடிகாலையிலும் அது கல்லாக இறுகியிருந்தால் அடைப்பு. தண்ணீர் நிரம்பிய பலூனாகத் தளதளத்து, வாயில் புளித்த மணம் வீசினால் உள்ளே இருப்பது நொதித்துவிட்டது. வன்னியில் அடைப்புக்கு அடிக்கடி காரணமாவது உரபாக்கின் நைலோன் நூல். கிழிந்த உரபாக்குகளால் கூட்டை மறைத்திருப்பவர்கள் அவற்றின் ஓரங்களைப் பார்த்தால், கோழிகள் இழை இழையாக இழுத்திருப்பது தெரியும்.

எச்சமும் நிறையச் சொல்லும். மண்ணிறமோ கரும்பச்சையோ ஆன திரளின்மேல் வெள்ளைப் பூச்சு இருப்பது இயல்பு. நாளில் சில தடவை ஒட்டும் தன்மையுள்ள, நாற்றமடிக்கும் கபில நிறக் கூழாகப் போவதும் இயல்பே. அது குடற்பையிலிருந்து வருவது, புதியவர்கள் அதைக் கழிச்சல் என்று எண்ணி மருந்து தேடுகிறார்கள். இரத்தம் கலந்திருந்தால், பளிச்சென்ற பச்சைத் தண்ணீராக இருந்தால், அல்லது வெள்ளைத் தண்ணீராக மட்டும் போனால் கவனிக்க வேண்டும். பச்சை நிறம் பல சமயங்களில் பட்டினியின் அடையாளம். உணவில்லாத குடலில் பித்தம் மட்டுமே வெளியேறுகிறது. துணியில் விழுந்ததைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்தால் வைத்தியருக்கு ஆயிரம் விளக்கம் மிச்சமாகும்.

நீர்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் வாசிக்க நேரமுள்ளவர் இதை வாசிக்கட்டும். கோழியின் மூச்சுக்குழாயின் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், நம் கண்ணுக்கு எதிரேயே திறந்து மூடிக்கொண்டிருக்கும். தலையை அண்ணாக்கிப் பிடித்துச் சொண்டைப் பிளந்து கரண்டியால் ஊற்றினால், தண்ணீர் இரைப்பைக்குப் போகும் வாய்ப்பு எவ்வளவோ அவ்வளவு நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பும் உண்டு. அவ்வாறு போனால் கோழி அன்றிரவே இறக்கக்கூடும். வீட்டார் நோயில் இறந்ததாகவே நினைப்பார்கள்.

சரியான முறை இது. கோழியைத் துவாயில் சுற்றி, நிமிர்ந்த நிலையில் மடியில் வைத்து, ஊசி கழற்றிய 1 மில்லிலீற்றர் சிறிஞ்சில் நீர் எடுத்து, சொண்டின் பக்கவாட்டு ஓரத்தில் ஒரு துளியை மட்டும் வைக்க வேண்டும். துளி சொண்டின் விளிம்பு வழியே உள்ளே ஊரும். கோழி நாக்கை அசைத்து, தலையைச் சற்று உயர்த்தி விழுங்கும். தொண்டைத் தோல் ஒருமுறை மேலும் கீழும் அசையும். அந்த அசைவைக் கண்ட பின்னரே அடுத்த துளி. அசைவே இல்லையென்றால் அந்தக் கோழிக்கு விழுங்கும் சக்தி இல்லை. வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, தோலுக்கடியில் திரவம் ஏற்றக்கூடிய வைத்தியரிடமே கொண்டுபோக வேண்டும். தானாகக் குடிக்கக்கூடிய கோழியாயின், சொண்டின் நுனியை மட்டும் கிண்ணத்தில் தோய்த்துக் காட்டினால் போதும். மூக்குத்துவாரம் நனையக் கூடாது.

முதல் நாளில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஜீவனியை (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூளை) பொதியில் உள்ளபடி 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் முழுவதும் கரைத்துக் கொடுக்கலாம். கோழி சிறியதென்று குறைந்த நீரில் கரைத்தால் உப்புச் செறிவு கூடிவிடும். உப்பு மிகையாவது கோழிக்கு நஞ்சு. கரைத்ததை 24 மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. நோயாளிக் கோழிக்கு உடலெடையின் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் நீர் நாளொன்றுக்குத் தேவை. ஒன்றரைக் கிலோ நாட்டுக்கோழிக்கு அது 75 மில்லிலீற்றர், அதாவது ஒரு சிறு தேநீர்க் குவளையளவு. துளித்துளியாக அதைக் கொடுத்து முடிக்கப் பொறுமை வேண்டும். பகலில் ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாகப் பிரித்து, வீட்டிலுள்ளவர்கள் முறைவைத்துச் செய்தால் இயலும்.

உணவு

நீர் விழுங்கி, எச்சம் போகத் தொடங்கிய பின்னரே உணவு. இரைப்பை அடைத்திருக்கும் கோழிக்கு உணவு வைப்பது அடைப்பைக் கூட்டும். அவித்த முட்டையின் மஞ்சட்கருவை ஜீவனித் தண்ணீரில் மசித்ததும், உப்பில்லாத குழைந்த சோறும், குரக்கன் மாவை நன்றாக அவித்து ஆற்றிய தளர்ந்த களியும் பெரும்பாலான கோழிகள் விரும்புபவை. வழக்கமான தீனை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கியும் வைக்கலாம். ஆனால் முட்டையிடும் கோழிக்கான தீனில் கால்சியம் மிகுதி என்பதால் குஞ்சுக்கும் சேவலுக்கும் அதைத் தொடர்ந்து கொடுக்கக் கூடாது. அரிந்த முருங்கையிலையும் கனிந்த பப்பாசியும் தேறி வரும்போது நல்லவை. ஊறிய உணவு வன்னி வெக்கையில் சில மணித்தியாலத்தில் புளித்துவிடும், ஆகவே சிறிது சிறிதாகவே வைக்க வேண்டும்.

சின்ன வெங்காயம், உள்ளி, மிளகு, மண்ணெண்ணெய், சாராயம் என்று ஊரில் சொல்லப்படும் வைத்தியங்கள் பல. மண்ணெண்ணெயும் சாராயமும் நஞ்சுகள், எந்த அளவிலும் வேண்டாம். வெங்காயம் சிறிதளவில் நலமான கோழியைக் கொல்லாது, ஆனால் மிகுந்தால் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். விழுங்க முடியாத கோழியின் தொண்டையில் அதைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேங்காயெண்ணெயில் குழைத்து அம்மைப் பொருக்கின்மேல் பூசுவதில் தீங்கில்லை, கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டால் சரி.

என்ன நோயாக இருக்கலாம்

நோயைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. ஆயினும் எதற்கு எவ்வளவு விரைய வேண்டும் என்பதை அறிய, நம் பகுதியில் அடிக்கடி காண்பவற்றைத் தெரிந்திருக்க வேண்டும்.

மிகக் கொடியது நியூகாசில் நோய், இராணிக்கெட் என்ற பெயரில் பலரும் அறிந்தது. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1926 இலும், மறு ஆண்டு இந்தியாவின் இராணிக்கெட்டிலும் அடையாளங் காணப்பட்டதனால் இரண்டு பெயர்களும் நிலைத்தன. பச்சைக் கழிச்சல், மூச்சிழுப்பு, கழுத்து முறுக்கிக்கொள்ளல், காலும் செட்டையும் விழுதல், ஒன்றன்பின் ஒன்றாகத் திடீர்ச் சாவு ஆகியவை அதன் குணங்குறிகள். தடுப்பூசி போடாத கூட்டத்தில் முழுக் கோழிகளும் அழியலாம். இது வைரசு நோய். மருந்து இல்லை, பராமரிப்பு மட்டுமே உண்டு. தப்பிய கோழிகளில் சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கு நீண்டகாலம் நீடிக்கும். கையால் ஊட்டி வைத்திருந்தால் அவற்றில் சில தேறுவதுண்டு. மனிதருக்குக் கண் சிவந்து எரியலாம், ஆகவே முகத்துக்கு அருகே பிடிக்கக் கூடாது. ஒரே நாளில் பல கோழிகள் இறந்தால், நியூகாசிலோ பறவைக் காய்ச்சலோ எதுவென்று நாம் பிரித்தறிய முடியாது. எதையும் தொடாமல் கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

குஞ்சுகளில், சிறப்பாக மூன்று முதல் எட்டுக் கிழமை வயதில், இரத்தக் கழிச்சல் கண்டால் கொக்சிடியோசிஸ் என்று ஐயுற வேண்டும். மழையில் நனைந்த கூட்டு நிலமே அதன் விளைநிலம். இதற்கு அம்ப்ரோலியம் என்ற மருந்து உண்டு, உடனே தொடங்கினால் பல குஞ்சுகள் பிழைக்கும். அம்மருந்து தயமின் என்ற விற்றமினைத் தடுத்தே ஒட்டுண்ணியைக் கொல்கிறது என்பதனால், அதே நாட்களில் பி விற்றமின் திரவம் கொடுத்தால் மருந்தின் வலு குறையும். சத்துக்கென்று இரண்டையும் ஒன்றாகக் கலக்கும் பழக்கம் கடைகளிலும் காணப்படுகிறது.

மாரி கழியும் காலத்தில் நுளம்பு பெருக, கொண்டையிலும் கண்ணோரத்திலும் பொருக்குப் பொருக்காக அம்மை வரும். பொருக்குகள் சில கிழமைகளில் தாமாக உதிரும். பிடுங்கினால் இரத்தம் வடியும். கண் மூடிய கோழி தீன் தெரியாமல் பட்டினியால் சாவதே அதில் பெரிய ஆபத்து, ஆகவே கொதித்தாறிய நீரில் கண்ணைத் துடைத்து ஊட்ட வேண்டும். வாய்க்குள் திட்டுகள் வந்து மூச்சை அடைத்தால் அது வைத்தியருக்குரிய விடயம்.

பேடு நிமிர்ந்து, வால் தாழ்த்தி, முக்கி முக்கி நின்றால் முட்டை அடைத்திருக்கலாம். எங்கள் வளவில் கறுத்தப் பேடு ஒன்று இப்படி நின்றதைக் கழிச்சல் என்றே எல்லோரும் நினைத்தோம். எச்சத்துவாரத்தின் கீழே மெதுவாகத் தடவிய பின்னரே உள்ளே கடினமான உருண்டை தெரிந்தது. மணிக்கட்டுக்கு இதமாகப்படும் வெதுவெதுப்பான நீரை ஒரு பேசினில் வயிறு அமிழும் அளவுக்கு எடுத்து, 15 முதல் 20 நிமிடம் உட்காரவைத்து, பின் துவாயால் நன்றாகத் துடைத்து, இருட்டும் வெதுவெதுப்புமான இடத்தில் விட்டால் சில பேடுகள் இட்டுவிடும். அதுவும் அப்படித்தான் இட்டது. முட்டையை அமுக்கி வெளியே தள்ளக் கூடாது. உள்ளே உடைந்தால் வயிற்றறை அழன்றுவிடும். ஒரு நாளுக்குள் இடாவிட்டால் வைத்தியர் கால்சியம் ஊசி போட வேண்டியிருக்கும். முல்லைத்தீவுக் கரையில் வாழ்பவர்கள் சிப்பி ஓடுகளைக் கழுவி, காயவைத்து, நொறுக்கித் தனிச் சிரட்டையில் வைத்தால் இது வருவது குறையும்.

ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டியபடி படுத்துவிடும் இளங்கோழிக்கு மாரெக்ஸ் நோய் இருக்கலாம், அதற்கும் மருந்தில்லை. கழுத்துத் துவண்டு தலை நிலத்தில் கிடந்தால், செத்த பிராணியின் புழுக்களைத் தின்றதால் வந்த நச்சாகவோ, வயலுக்கு அடித்த பூச்சிமருந்தாகவோ இருக்கலாம். விதைப்புக் காலத்தில் மருந்திட்ட விதைநெல்லைக் கோழி பொறுக்கியிருந்தால், அந்த மருந்தின் பொதியையோ போத்தலையோ கையோடு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் சில வகை நஞ்சுகளுக்கு மாற்று ஊசி உண்டு. கீரியோ நாயோ கடித்த காயத்தை உப்புக் கரைத்த கொதித்தாறிய நீரால் கழுவி, பொவிடோன் அயடின் தடவி, இலையான் மொய்க்காத வலைக்குள் வைக்க வேண்டும். புழு வைத்த காயம் இரண்டு நாளில் உயிரைக் கொண்டுபோகும்.

வைத்தியரிடம் போதல்

பிரதேச செயலகப் பிரிவுகளில் அரச கால்நடை வைத்தியர் பணிமனைகள் உள்ளன. வைத்தியர் மாடுகளைப் பார்க்கக் களத்துக்குப் போய்விடுவதுண்டு என்பதனால், முதலில் தொலைபேசியில் கேட்டுக் காலையிலேயே போவது நல்லது. துணுக்காயிலோ நெடுங்கேணியிலோ உட்கிராமத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகும்போது, காற்றுத் துளையிட்ட பெட்டியில், வெயில் ஏறும் முன் புறப்பட வேண்டும். கால்களைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிடுவது சந்தைக்குப் போகும் கோழிக்கே கூடாது, நோயாளிக்கு அறவே ஆகாது. "ஒரு கோழிக்கா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று அங்கே யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். வயது, எப்போது சோர்ந்தது, என்ன தின்றது, தடுப்பூசி எப்போது போட்டது, வேறு எத்தனை கோழிகள் உள்ளன என்பவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் பேச்சு விரைவாக முடியும்.

கொடுக்கும் மருந்தைச் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுக்க வேண்டும். மனிதருக்கு வாங்கிய மாத்திரையின் மிச்சத்தைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது கூடாது. ஒக்சிரெட்ராசைக்கிளின் வகை மருந்தைச் சிப்பித் தூளோடும் பாலோடும் கொடுத்தால் கால்சியம் அதைப் பிணைத்து வீணாக்கும். மருந்து ஓடும் காலத்திலும், அதன்பின் வைத்தியர் சொல்லும் நாட்கள்வரையும் முட்டையை உண்ணவோ விற்கவோ கூடாது.

தேறினால், தேறாவிட்டால்

காலையில் தீன் வைக்குமுன் இரைப்பையைத் தொட்டுப் பார்த்து, சமையலறைத் தராசில் எடை பார்த்து, குடித்த நீரையும் எச்சத்தின் நிறத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வர வேண்டும். எடை நின்று, பிறகு சிறிது ஏறி, கோழி தன் இறகைத் தானே கோதத் தொடங்கினால் ஆபத்துக் கட்டம் கடந்துவிட்டது. அதன் பின்னும் இரண்டு கிழமையாவது தனியே வைத்திருந்து, பிறகு மற்றக் கோழிகள் பார்க்கக்கூடிய கம்பிவலைக்குள் சில நாள் விட்டு, மாலை மங்கும் நேரத்தில் மரக்கொப்பில் ஏற்றிவிட்டால் சண்டை குறையும்.

பல நாள் பராமரித்தும் விழுங்காமல், எழாமல், மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கும் கோழியை இழுத்தடிப்பது அன்பாகாது. வைத்தியரால் வலியின்றி முடிக்க இயலும். அது கிட்டாதபோது, கழுத்தெலும்பை ஒரே அசைவில் விலக்கத் தெரிந்த அனுபவசாலி ஒருவரிடமே அதை ஒப்படைக்க வேண்டும், பழகாத கை முயலக் கூடாது. காரணம் அறிய விரும்பினால், உடலை உறையவிடாமல் ஐஸ்கட்டிகளோடு பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் வைத்தியரிடம் சேர்க்க வேண்டும். இல்லையேல் கிணற்றுக்கும் குளக்கரைக்கும் தொலைவில், நாய் கிளறாதபடி மூன்று அடி ஆழக் குழியில், மேலே சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். காட்டோரம் எறிந்தால் நரியும் நாயும் அதை அடுத்த கிராமத்துக்கு இழுத்துச் செல்லும்.

பெட்டியையும் துணியையும் எரித்து, கூட்டின் எச்சத்தைச் சுரண்டியெடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவிக் காயவிட்ட பின்னரே கிருமிநாசினி தெளிக்க வேண்டும், அழுக்கின்மேல் தெளித்தால் அது வேலை செய்யாது. மிஞ்சிய கோழிகள் நலமாக உள்ளனவா என்று வைத்தியர் பார்த்த பின் நியூகாசில் தடுப்பு மருந்தைக் கேட்கலாம். அது பல கோழிகளுக்கான குப்பியாகவே வரும், கரைத்தபின் இரண்டொரு மணித்தியாலத்துக்குள் பாவித்து முடிக்க வேண்டும். ஆகவே அயல் வீடுகள் நாலைந்து சேர்ந்து ஒரே காலையில் எல்லாக் கோழிகளுக்கும் போடும்படி ஒழுங்கு செய்து, குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். புதிய கோழியைச் சந்தையிலிருந்து வாங்கினால், முன்பு நோயாளியை வைத்த அதே தொலைவில், நான்கு கிழமை தனியே வைத்திருந்து, தீன் வைக்கும்போது பழைய கோழிகளுக்கு முதலிலும் அதற்குக் கடைசியிலும் வைக்க வேண்டும்.